மாடிப்படியில் உட்கார்ந்து ஜெர்மன் சினிமா படிப்பது எப்படி?

ஒரு அம்மா மேசையில் தட்டு வைக்கிறாள். பள்ளி விட்டு வரவேண்டிய மகள் இன்னும் வரவில்லை. வெளியே போய், படிக்கட்டின் கைப்பிடி மேல் குனிந்து "எல்ஸி!" என்று கூப்பிடுகிறாள். கேமரா அந்தக் காலிப் படிக்கட்டை மேலிருந்து காட்டுகிறது. அடுத்து துணி காயப்போடும் கூரையடி அறை, அடுத்து யாரும் தொடாத தட்டு. புல்லில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. கம்பியில் ஒரு பலூன் சிக்கித் தவிக்கிறது. ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த 'எம்' படத்தின் தொடக்கம் இது. கொலையை அவர் காட்டவே இல்லை.

ஜெர்மன் சினிமாவை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் படிக்கட்டைத்தான் காட்டுவேன். வழக்கமாகக் கையில் கிடைப்பது ஒரு நீண்ட பட்டியல். 1895 நவம்பரில் பெர்லின் விண்டர்கார்டனில் ஸ்க்லாடனோவ்ஸ்கி சகோதரர்கள் படம் காட்டியதில் தொடங்கி, இன்றுவரை நூறு படங்கள் அதில் இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மௌனப் படங்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிட்டேன். பார்த்ததும் மனதில் தங்கவில்லை. அப்புறம் ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலத்துப் படமும் அந்த இடத்தை எப்படிக் காட்டுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். அதன் பிறகுதான் 1924 படம் 1974 படத்தை நினைவூட்டத் தொடங்கியது. அந்த இடம், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீட்டின் மாடிப்படி.

ஏன் மாடிப்படி?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேலை தேடி பெர்லினுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். அவர்களை அடைத்துவைக்கக் கட்டிய ஐந்து மாடி வீடுகளுக்கு 'மீட்ஸ்காசெர்னே' என்று பெயர் விழுந்தது. வாடகைப் பாசறை என்று பொருள். தெருவைப் பார்த்த முன்கட்டில் வசதியானவர்கள் இருந்தார்கள். முற்றங்களைத் தாண்டிய பின்கட்டுகளில் தொழிலாளர்கள். முற்றத்துக்கு 1853ஆம் ஆண்டு விதி வைத்த குறைந்தபட்ச அளவு 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர். தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு போதும் என்பதுதான் கணக்கு. வெளிச்சமும் காற்றும் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யாருக்கு வேலை போயிற்று, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் படியிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். அந்த ஆண்டின் ஜெர்மனியைப் பற்றி வசனங்கள் சொல்லாததெல்லாம் அங்கே கிடைக்கும்.

முதல் படி: ஒரு படத்தை இரண்டு முறை பார்ப்பது

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். குறிப்பு வேண்டாம், கதை பிடிபட்டால் போதும். சில நாள் கழித்து இரண்டாம் முறை பார்க்கும்போது நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: யார் மேல்படியில் நிற்கிறார், யார் கீழே, எந்தக் கதவு திறந்திருக்கிறது, யார் எட்டிப்பார்க்கிறார். எதிர்ப்பக்கத்தில் உங்கள் கேள்விகள். கருத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே 'இது நாஜிக்களின் வருகையை உணர்த்துகிறது' என்று எழுதிவிட்டால் அடுத்த காட்சி கண்ணில் படாது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. ஜெர்மன் திரை விமர்சகர் ஸீக்ஃப்ரீட் கிராக்கவர் நியூயார்க்கில் அகதியாக இருந்தபோது எழுதி 1947இல் வெளியான 'காலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை' நூல்தான் ஜெர்மன் சினிமாவைச் சமூகத்தோடு சேர்த்துப் படிக்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. கட்டாயம் படியுங்கள். ஆனால் ஹிட்லர் வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்து எழுதிய நூல் அது. 1920இல் 'காலிகாரி' என்ற மௌனப் படத்தைப் பார்க்கத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 தெரியாது. முதல் நான்கைந்து படங்களை முடித்துவிட்டு அந்த நூலுக்குப் போனால் அதோடு வாதிட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

இரண்டாம் படி: ஆண்டு, பணம், அனுமதி

ஒவ்வொரு படத்துக்கும் இந்த மூன்றையும் தேடி எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? யார் பணம் போட்டார்கள்? வெளியிட யார் அனுமதி தந்தார்கள்?

எஃப். டபிள்யூ. முர்னாவின் 'டேர் லெட்ஸ்டே மான்' (கடைசி மனிதன், 1924) படத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய ஹோட்டலின் வாசல்காப்போன் ஒருவர். பொத்தான் மின்னும் சீருடையில் அவர் வீடு திரும்பும்போது முற்றமே எழுந்து நிற்பது போல மரியாதை கிடைக்கிறது. வயதாகிவிட்டது என்று அவரைக் கழிப்பறை வேலைக்கு மாற்றி, சீருடையையும் வாங்கிக்கொள்கிறார்கள். செய்தி தெரிந்ததும் அதே முற்றமும் அதே படிக்கட்டும் சிரிக்கின்றன. வசன அட்டைகள் இல்லாமலே நகரும் மௌனப் படம் இது. கடைசிப் பகுதிக்கு முன் மட்டும் ஒரே ஒரு அட்டை வரும்.

இப்போது ஆண்டைப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1923 நவம்பரில், ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்குக் கூடப் போதவில்லை. பணம் காகிதமாகிப்போன ஊரில் மனிதனிடம் மிஞ்சியது பதவியும் சீருடையும்தான் என்றால், அதைக் கழற்றும் காட்சி ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பது புரியும். பணம் போட்டது உஃபா நிறுவனம். முதல் உலகப் போரின்போது, 1917இல், ராணுவத் தலைமையின் தூண்டுதலில் உருவான நிறுவனம் அது. சீருடைமேல் அந்தக் கேமராவுக்கு இருப்பது பரிவா விமர்சனமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

அனுமதி என்ற கேள்விக்குப் பாடமாக அமைவது 'கூலே வாம்பே' (1932). ஸ்லாட்டன் டூடோவ் இயக்கினார். திரைக்கதையில் நாடகாசிரியர் பெர்டோல்ட் ப்ரெக்ட் இருந்தார். வேலையில்லாத இளைஞர்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு தொழிற்சாலை தொழிற்சாலையாகப் பறக்கிறார்கள். எங்கும் வேலை இல்லை. வீடு திரும்பும் அவர்களில் ஒருவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு ஜன்னல் வழியே குதிக்கிறான். கடிகாரம் விலைபோகும் பொருள், உடையக்கூடாது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். படம் முதலில் தடை செய்யப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதால் வெட்டுகளோடு வெளிவந்தது. தணிக்கை அதிகாரியின் ஆட்சேபத்தை ப்ரெக்ட் பிறகு எழுதியிருக்கிறார்: இவன் ஒரு தனிமனிதனாக இல்லை, ஒரு வர்க்கத்தின் விதியாகத் தெரிகிறான் என்பதுதான் அந்த அதிகாரியின் குறை. தங்கள் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்று ப்ரெக்டுக்குத் தோன்றியது. தணிக்கைக் குறிப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கத்தை இங்கிருந்தே ஆரம்பியுங்கள். ஆட்சி எதைப் பார்த்துப் பயந்தது என்று அவை சொல்லும்.

நாஜி காலப் படங்களை அணுகுவது

1933இல் நாஜிக்கள் ஆட்சிக்கு வந்த பிறகு லாங்கும், 'எம்' படத்தில் கொலைகாரனாக நடித்த பீட்டர் லாரேயும், இன்னும் பலரும் நாட்டைவிட்டுப் போனார்கள். யூதர்கள் திரைத்துறையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1936 நவம்பரில் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் கலை விமர்சனத்தையே தடை செய்தார். இந்தக் காலம் என்றாலே கொடியும் அணிவகுப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் அந்த 12 ஆண்டுகளில் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைப்படங்களில் பெரும்பான்மை காதலும் பாட்டும் நகைச்சுவையுமே. ஆகவே ஒரு பொழுதுபோக்குப் படத்தையும் பாருங்கள். 1942இல் மிகப் பெரிய வெற்றி பெற்ற 'டீ குரோஸ்ஸே லீபே' (பெருங்காதல்) படத்தில் விமானத் தாக்குதல் சங்கு ஒலிக்கிறது. ஒரே வீட்டில் குடியிருப்போர் எல்லாரும் படியிறங்கி நிலவறைக்குப் போகிறார்கள். அங்கே காபி மணக்கிறது, பேச்சு கலகலக்கிறது. படிக்கட்டு முழுவதும் ஒரே குடும்பம் போலத் தெரிகிறது. அதே 1942இல் பெர்லினின் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் யூதக் குடும்பங்களைப் படியிறக்கி ரயிலேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தில் அவர்கள் இல்லை. இல்லாதவர்களை எண்ணிப் பார்ப்பதுதான் இந்தக் காலப் படங்களைப் படிக்கும் முறை.

வெறுப்புப் பிரசாரப் படங்களில் சுமார் 40 இன்றும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. வீஸ்பாடனில் இருக்கும் முர்னாவ் அறக்கட்டளை, அறிமுக உரையும் கலந்துரையாடலும் உண்டு என்றால்தான் திரையிட விடுகிறது. புதியவர்கள் அவற்றை இணையத்தில் தேடிப் பிடித்துத் தனியாகப் பார்க்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. யாரோடாவது சேர்ந்து, பின்னணி படித்துவிட்டுப் பாருங்கள்.

இடிபாடுகள், அப்புறம் பூக்கள்

போர் முடிந்து எடுத்த முதல் ஜெர்மன் கதைப்படம் வோல்ஃப்காங் ஷ்டாவ்டேயின் 'டீ மோர்டர் ஸின்ட் உன்டர் உன்ஸ்' (கொலைகாரர்கள் நம்மிடையே, 1946). வதைமுகாமிலிருந்து திரும்பும் பெண் தன் வீட்டுப் படியேறுகிறாள். உள்ளே போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு மருத்துவர் குடியிருக்கிறார். போலந்தில் பொதுமக்களைச் சுடச்சொன்ன கேப்டனோ, ராணுவ இரும்புத் தொப்பிகளைச் சமையல் பாத்திரமாக மாற்றும் தொழிற்சாலை நடத்தி வசதியாக இருக்கிறார். ஷ்டாவ்டேயின் முதல் திரைக்கதையில் மருத்துவர் அவரைச் சுட்டுவிடுவார். போரில் வென்று ஜெர்மனியைப் பிரித்து ஆண்டவர்களில் மேற்கு நாட்டு ராணுவ நிர்வாகங்கள் படத்துக்கு அனுமதி தரவில்லை. சோவியத் நிர்வாகம் தந்தது, ஆனால் முடிவை மாற்றச் சொன்னது. தனிமனிதப் பழிவாங்கல் வேண்டாம், நீதிமன்றம் தீர்ப்பளிக்கட்டும் என்றது. இங்கேயும் கேளுங்கள்: முகாமிலிருந்து வந்த பெண்ணின் கதையைப் படம் எத்தனை நிமிடம் கேட்கிறது, திரும்பி வந்த ஆணின் கதையை எத்தனை நிமிடம்? கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

1950களில் மேற்கு ஜெர்மனி மக்கள் காசு கொடுத்துப் பார்த்தவை 'ஹைமாட்ஃபில்ம்' எனப்படும் சொந்த மண் படங்கள். நகரங்கள் இடிந்து கிடந்தபோது திரையில் காடும் பூப்பூத்த புதர்வெளியும் விரிந்தன. பல திரை ஆய்வாளர்கள் நெடுங்காலம் இவற்றைக் குப்பை என்று ஒதுக்கினார்கள். நான் ஒதுக்கமாட்டேன். 'குருன் இஸ்ட் டீ ஹைடே' (1951) படத்தின் நடுவில் இருப்பவர், கிழக்கே நிலபுலத்தை இழந்து உறவினர் வீட்டில் அண்டி வாழும் ஒருவர். கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர் ஒரு கோடிக்கும் மேல். அவர்கள் எல்லாரும் இந்தப் பூக்களுக்கு நடுவில் தங்கள் ஊரைத் தேடினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஊர் விட்டு வந்த தமிழர்களுக்கு இது தொலைவான உணர்வல்ல.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஜெர்மானியர் வெளிநாட்டுப் படங்களைப் பெரும்பாலும் டப்பிங்கில்தான் பார்ப்பார்கள். 'காஸாபிளாங்கா' என்ற ஹாலிவுட் படம் 1952இல் மேற்கு ஜெர்மனிக்கு வந்தபோது அதிலிருந்த நாஜிக்களை அகற்றி, 20 நிமிடத்துக்கு மேல் வெட்டி, வேறு கதையாக டப்பிங் செய்து காட்டினார்கள். ஒரு சமூகத்தைப் படிக்க, அது எடுத்த படங்களோடு அது வெட்டிய படங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபாஸ்பிண்டரின் படிக்கட்டு

நேரம் குறைவு, ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டரின் 'அங்ஸ்ட் எஸ்ஸன் ஸேலே அவுஃப்' (1974) பாருங்கள். 'பயம் ஆன்மாவைத் தின்னும்' என்று சொல்லலாம். ஜெர்மன் மூலத்தில் அந்த வாக்கியத்தின் இலக்கணம் பிழையானது. மொழியை வேலையிடத்தில் காதால் கற்ற வெளிநாட்டவரின் வாக்கியம் அது. சுமார் இரண்டு வாரத்தில் எடுத்த படம்.

மியூனிக்கில் துப்புரவு வேலை செய்யும் விதவை எம்மி. மழைக்கு ஒதுங்கிய மதுக்கடையில், தன்னைவிட 20 வயதாவது இளையவரான மொரோக்கோ தொழிலாளியைச் சந்திக்கிறார். அவருக்கு நீண்ட பெயர் உண்டு. ஜெர்மானியர் எல்லாரும் 'அலி' என்றே கூப்பிடுகிறார்கள். இருவரும் திருமணம் செய்துகொள்கிறார்கள். பக்கத்துவீட்டுப் பெண்கள் படியில் நின்று கிசுகிசுக்கிறார்கள். கடைக்காரர் அலி கேட்கும் பொருள் புரியாதது போல நடிக்கிறார். எம்மியின் மகன்களில் ஒருவன் தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறான்.

இரண்டு காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். முதலாவதில் சக ஊழியர்கள் எம்மியை ஒதுக்கிவிட, அவர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். கைப்பிடிக் கம்பிகள் சிறைக்கம்பி போல முன்னால் நிற்கின்றன. பிறகு ஊழியர்களுக்கு எம்மியின் தயவு தேவைப்படுகிறது, சேர்த்துக்கொள்கிறார்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து ஒரு புதுப் பெண் வேலைக்கு வருகிறாள். அதே படிக்கட்டு, அதே கம்பிகள், இப்போது அவள் தனியாக. ஒதுக்குகிறவர்களில் எம்மியும் ஒருவர்! நல்லவர்கள் கெட்டவர்கள் என்று பிரிக்காமல், ஒதுக்குதல் எப்படிக் கைமாறுகிறது என்பதை இரண்டே சட்டகத்தில் ஃபாஸ்பிண்டர் காட்டிவிடுகிறார். எம்மி திருமண விருந்துக்கு அலியைக் கூட்டிப்போகும் உணவகம், ஹிட்லர் சாப்பிடும் இடமாக இருந்தது. அதை எம்மி சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்காருகிறார்.

பின்னணி இது. மேற்கு ஜெர்மனி ஆள் பற்றாக்குறையால் இத்தாலியோடு 1955இலும், துருக்கியோடு 1961இலும், மொரோக்கோவோடு 1963இலும் ஒப்பந்தம் போட்டு 'விருந்தினர் தொழிலாளர்களை' வரவழைத்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக் தாக்குதலுக்குப் பின் அரபு முகங்கள்மேல் சந்தேகம் விழுந்தது. 1973 நவம்பரில் ஆள் எடுப்பதே நின்றது. அடுத்த சில மாதங்களில் இந்தப் படம் வந்தது. கடைசியில் அலிக்கு வயிற்றுப்புண் வெடிக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இது அடிக்கடி வருகிறது என்கிறார் மருத்துவர்.

அடுத்த நாளே டக்ளஸ் ஸிர்க்கின் ஹாலிவுட் படம் 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' (1955) பாருங்கள். ஃபாஸ்பிண்டருக்குத் தூண்டுதல் அதுதான். ஸிர்க்கும் ஜெர்மானியர், உஃபாவில் இயக்குநராக இருந்து 1937இல் வெளியேறியவர். அங்கே பிள்ளைகள் விதவைத் தாய்க்குத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பரிசளித்து வீட்டோடு அடைக்கிறார்கள். இங்கே மகன் அதை உடைக்கிறான்.

சுவரின் அந்தப் பக்கம்

கிழக்கு ஜெர்மனியில் படம் எடுத்தது டேஃபா என்ற ஒரே அரசு நிறுவனம். பிரசாரம் மட்டுமே இருக்கும் என்று நினைத்து இதைத் தாண்டிவிடாதீர்கள். 1965 டிசம்பரில் நடந்த கட்சிக் கூட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடப் படங்கள் முழுவதும் அலமாரிக்குப் போயின. பல 1989, 1990இல்தான் திரைக்கு வந்தன. தைரியம் இல்லாதவர்களின் படங்களை யாரும் அப்படிப் பூட்டிவைக்க மாட்டார்கள்.

ஹைனர் காரோவின் 'பவுலும் பவுலாவும்' (1973) படத்தில் பவுலா பழைய பலகுடித்தன வீட்டில், பவுல் எதிரே புதிய அடுக்குமாடியில். பழைய வீடுகளை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். பவுல் அவள் கதவுக்கு வெளியே படிக்கட்டிலேயே படுத்துக் கிடந்து, கடைசியில் கோடரியால் கதவைப் பிளக்கிறான். அக்கம்பக்கத்தார் கூடி நின்று மகிழ்கிறார்கள். ஃபாஸ்பிண்டரின் படிக்கட்டையும் இதையும் ஒரே வாரத்தில் பாருங்கள். ஓராண்டு இடைவெளி, ஒரே மொழி, இரண்டு நாடு. காரோவின் 'கமிங் அவுட்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1989 நவம்பர் 9 இரவு, கிழக்கு பெர்லினில். பார்வையாளர்கள் வெளியே வந்தபோது சுவர் திறந்துகொண்டிருந்தது.

சுவர் விழுந்த பிறகு வந்த படங்களில் உலகப் புகழ் பெற்றது 'டாஸ் லேபன் டேர் ஆண்டரன்' (பிறரின் வாழ்க்கை, 2006). கிழக்கு ஜெர்மன் உளவுத்துறை அதிகாரி கூரையடி அறையில் உட்கார்ந்து கீழ்வீட்டை ஒட்டுக்கேட்கிறார். கருவி பொருத்துவதைக் கதவு ஓட்டையில் பார்த்துவிட்ட எதிர்வீட்டுப் பெண்ணிடம், வாயைத் திறந்தால் மகளின் மருத்துவப் படிப்பு போய்விடும் என்கிறார். மிகச் சரியான காட்சி. ஆனால் அந்த அதிகாரி பிறகு மனம் மாறிக் காப்பாற்றுவதுதான் சர்ச்சை. அந்த உளவுத்துறையின் சிறையாக இருந்த ஹோஹென்ஷோன்ஹவுஸன் நினைவகத்தின் அப்போதைய இயக்குநர் அங்கே படமெடுக்க அனுமதி மறுத்தார்; இப்படி ஓர் அதிகாரி இருந்ததே இல்லை என்பது அவர் வாதம். படத்தை இயக்கியவர் மேற்கு ஜெர்மனியில் பிறந்தவர். பழைய காலத்தைச் சொல்லும் படம் எந்த ஆண்டில், யாருக்காக எடுக்கப்பட்டது என்பதையும் நோட்டில் எழுதுங்கள். 1984இல் நடக்கும் இந்தக் கதை 2006ஐப் பற்றியும் பேசுகிறது.

1980களில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ஃபிரீட்ரிக்ஷ்ட்ராஸே ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் போனார்கள். பிளவுபட்ட பெர்லின் படங்களைப் பார்க்கும்போது அதே நிலையம் திரையில் வந்தால் நான் படத்தை நிறுத்தி வைத்துப் பார்ப்பதுண்டு. வீட்டில் அந்த வழியாகப் போனவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

மொழி, பிரதி, கிடைக்கும் இடம்

ஜெர்மன் தெரியாவிட்டாலும் இரண்டு சொற்களைக் காதில் பிடியுங்கள்: 'டூ', 'ஸீ'. நமது நீ, நீங்கள் போலத்தான். ஆங்கில வசனவரியில் இரண்டும் ஒன்றாகிவிடும். நமக்கோ அந்த வேறுபாடு பிறந்ததிலிருந்து தெரியும். யார் எப்போது நீங்களிலிருந்து நீக்கு மாறுகிறார், முன்பின் தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளியை யார் எடுத்த எடுப்பில் 'டூ' என்கிறார் என்று கவனியுங்கள்.

பழைய படமென்றால் எந்தப் பிரதி என்று பாருங்கள். லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927இல் வெளியாகிச் சில மாதங்களிலேயே வெட்டப்பட்டது. காணாமல்போன பகுதிகளில் பெரும்பாலானவை 2008இல் புவெனஸ் ஐரிஸில் கிடைத்து, 2010இல் சீரமைத்த பிரதி வந்தது. அதற்கு முன் எழுதிய கட்டுரைகள் வேறொரு படத்தைப் பற்றிப் பேசுகின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு, தயாரிப்பு, நீளம், தணிக்கை விவரங்களுக்கு ஃபிலிம்போர்ட்டல் இணையதளம் நல்ல ஆதாரம். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனிலும் கொழும்பு கோதே நிறுவனத்திலும் விசாரியுங்கள். ஜெர்மன் படிக்கவும் அங்கே போகலாம்.

எழுத ஆரம்பிக்கும்போது

முழுப் படத்தைப் பற்றி எழுதாதீர்கள். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். முதல் 200 சொற்களில் திரையில் இருப்பதை மட்டும், படம் பார்க்காத நண்பருக்குச் சொல்வது போல எழுதுங்கள். பிறகு ஆண்டு, பணம், அனுமதி. அப்புறம் இல்லாதது என்ன என்று ஒரு பத்தி. அதோடு அதே இடம் வரும் இன்னொரு காலத்துக் காட்சி ஒன்றை ஒப்பிடுங்கள். அவ்வளவு போதும், 800 சொல் வந்துவிடும்.

கடைசியாக ஒரு பயிற்சி. இன்றைய ஜெர்மன் படங்களில் யாராவது ஓர் அடுக்குமாடியின் வாசலில் நிற்கும் காட்சி வந்தால் படத்தை நிறுத்துங்கள். அழைப்புமணிப் பலகையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் குடும்பப்பெயர் எழுதியிருக்கும். தெளிவாகத் தெரிந்தால் அந்தப் பெயர்களை வாசித்து, எந்தெந்த ஊர்ப் பெயர்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பெயருக்குரியவர் கதைக்குள் வருகிறார், எந்தப் பெயர் பலகையோடு நின்றுவிடுகிறது என்று படம் முடிந்ததும் சரிபாருங்கள்.